லூயிஸ் சுவாரெஸ்: கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது?

உருகுவேயின் கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸ் என்றதும் பேச்சு நேராகக் கடிக்குத்தான் போகிறது. மூன்று முறை எதிரணிக்காரரைக் கடித்தவர், கானாவின் கோலைக் கையால் தடுத்தவர். பலருக்கு அவர் அத்தோடு முடிந்துவிடுகிறார். அவரைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்த கிளப்புகளுக்குக் கணக்கு அப்படி முடியவில்லை. எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை கோல் வந்தது, எத்தனை ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல் தவித்தார்கள், எந்த அமைப்பில் அவர் ஆட்டம் எடுபட்டது என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த நூற்றாண்டில் செலவழித்த காசுக்குமேல் திருப்பிக் கொடுத்த நடு ஸ்ட்ரைக்கர்களில் (கோல் போடுவதையே வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரர்களில்) சுவாரெஸுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. ஆனால் "அந்த வெறி இல்லாவிட்டால் அந்த ஆட்டமும் இருந்திருக்காது" என்று அவருடைய ரசிகர்கள் சொல்லும் சமாதானம் பொய். அதை மறுக்கும் சான்று அவருடைய மிகச் சிறந்த சீசனிலேயே இருக்கிறது.

விலை

1987 ஜனவரியில் உருகுவேயின் சால்டோ நகரில் பிறந்தவர். எடின்சன் கவானியும் அதே ஊரில் அடுத்த மாதமே பிறந்தார் என்பது கால்பந்து வரலாற்றின் அழகான தற்செயல்களில் ஒன்று. ஏழு வயதில் குடும்பம் மாண்டெவீடியோவுக்குப் பெயர்ந்தது. நாசியோனல் கிளப்பில் வளர்ந்து, 2005-06 லீக் பட்டத்தில் பங்கெடுத்து, 2006-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனுக்குப் போனபோது விலை சுமார் 8 லட்சம் யூரோ. க்ரோனிங்கன் ஒரே சீசன் வைத்துக்கொண்டு 75 லட்சம் யூரோவுக்கு அயாக்ஸிடம் விற்றது. அயாக்ஸ் 159 ஆட்டங்களில் 111 கோல்களை வாங்கிக்கொண்டு, 2011 ஜனவரி 31 அன்று 2 கோடியே 65 லட்சம் யூரோவுக்கு லிவர்பூலிடம் விட்டது. லிவர்பூலுக்கு 133 ஆட்டங்களில் 82 கோல்; 2014-இல் பார்சிலோனா கொடுத்தது சுமார் 8 கோடியே 20 லட்சம்.

விற்ற மூன்று கிளப்புகளும் தாங்கள் வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் பெற்றன. க்ரோனிங்கனுக்கு அது ஒன்பது மடங்கைத் தாண்டியது. அந்த ஜனவரி 31-ஐ நினைத்துப் பாருங்கள்: லிவர்பூல் தன் ஸ்ட்ரைக்கர் டோரெஸை 5 கோடி பவுண்டுக்குச் செல்சியிடம் விற்று, அதே நாளில் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஆண்டி காரலுக்கு 3.5 கோடி பவுண்டு கொடுத்தது. மறுநாள் தலைப்புச் செய்தியெல்லாம் காரலும் டோரெஸும்தான். மூவரில் குறைந்த விலைக்குக் கைமாறியவர் சுவாரெஸ்.

பார்சிலோனாவில் 283 ஆட்டங்களில் 198 கோல். டிரான்ஸ்ஃபர் தொகையை மட்டும் வைத்து வகுத்தால் ஒரு கோலுக்கு 4 லட்சம் யூரோவுக்குச் சற்று மேல். நான்கு லீக் பட்டம், நான்கு கோபா டெல் ரே (ஸ்பெயின் கோப்பை), ஒரு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப் கோப்பை) அதோடு சேர்த்தி. பிறகு 2020-இல் கிட்டத்தட்ட இலவசமாக அட்லெடிகோ மாட்ரிடுக்கு அனுப்பினார்கள். கூடிப்போனால் 60 லட்சம் யூரோ, அதுவும் நிபந்தனைகளோடு. சொந்தப் போட்டியாளருக்கே பட்டத்தைத் தூக்கிக் கொடுத்த வியாபாரம் அது.

ஆட்டம் எப்படி வேலை செய்கிறது

முதலில் அழகை எதிர்பார்க்காதீர்கள். நெதர்லாந்தின் பழைய ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டன்போல நிமிர்ந்து ஓடுகிறவர் அல்ல. பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டிருக்காது. டிஃபெண்டரின் முழங்காலில் படும், கணுக்காலில் தட்டும், திரும்ப அவரிடமே வரும். முதன்முறை பார்ப்பவர் அதிர்ஷ்டம் என்பார். பத்து ஆட்டம் பார்த்தால் அது முறை என்று தெரியும். பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்கள் டிஃபெண்டரைச் சுற்றிப் போகப் பார்ப்பார்கள். சுவாரெஸ் அவர் உடம்பை நோக்கியே ஓடுவார். மோதல் நடக்கும், பந்து எங்கேயோ தெறிக்கும். அந்த இடத்தில் டிஃபெண்டர் ஆபத்து முடிந்தது என்று அரை நொடி தளர்கிறார், அல்லது நடுவரைப் பார்க்கிறார். சுவாரெஸின் அடுத்த அடி ஏற்கெனவே விழுந்திருக்கும். தெறித்த பந்து யாருக்கும் சொந்தமில்லாத அந்த அரை நொடியில்தான் அவர் பிழைப்பு நடத்தினார்.

கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்கும்போது கவனியுங்கள். பந்து வருமுன்பே இடுப்பைத் தாழ்த்தி, பின்னால் நிற்பவர்மேல் எடையைச் சாய்த்துவிடுவார். டிஃபெண்டர் ஒட்டி நின்றால் அந்த எடையையே பிடிமானமாக்கிச் சுழல்வார். விலகி நின்றால் வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டி நேராகத் திரும்புவார். எதிரே நிற்பவரின் காலிடுக்கில் பந்தை விடுவது அவருடைய கையெழுத்து. அதற்கும் கணக்கு உண்டு. டிஃபெண்டர் பக்கவாட்டில் நகர எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போது கால்கள் விரிந்தே ஆகவேண்டும். சுவாரெஸ் தோளை ஒரு பக்கம் காட்டி அந்த மாற்றத்தை வரவழைத்து, விரிந்ததும் தட்டுவார். 2015 ஏப்ரலில் பாரிஸில் பிஎஸ்ஜி அணியின் டிஃபெண்டர் டேவிட் லூயிஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை இதற்கு ஆளானார், இரண்டும் கோலில் முடிந்தன.

ஷாட்டுக்குக் காலைப் பின்னால் அதிகம் இழுக்க மாட்டார். கோல்கீப்பர்கள் அடிப்பவரின் பின்னிழுப்பைப் பார்த்துத்தான் கால் ஊன்றி நிற்கிறார்கள். அது குறையும்போது அவர்களுக்குத் தயாராக நேரமில்லை. ஓட்டத்தின் நடுவிலேயே, அடுத்த அடி வைக்கவேண்டிய நேரத்தில் பந்து பறந்துவிடும். முதல் தொடுதலுக்கு ஒரே எடுத்துக்காட்டு போதும்: 2012 நவம்பரில் நியூகாசிலுக்கு எதிராக ஹோசே என்ரிகே பாதி மைதானத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை ஓடிக்கொண்டே தோள்பட்டையில் வாங்கிக் கீழிறக்கி, கோல்கீப்பர் க்ருலைச் சுற்றிப் போய்ப் போட்ட கோல். பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டிய பதிவு.

பந்து இல்லாதபோதும் வேலை பார்த்தார். டிஃபெண்டர் கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பும் சாதாரணப் பந்தையும் துரத்துவார். நூறு முறை துரத்தினால் தொண்ணூற்றெட்டு முறை ஒன்றும் கிடைக்காது. மீதி இரண்டுக்காகத்தான் ஓடினார்.

குறைகளும் உண்டு. ஆஃப்சைடு கோட்டில் மிக நெருக்கமாக நிற்பதால் அடிக்கடி கொடி தூக்கப்படும். எளிய வாய்ப்புகளைத் தவறவிட்டுக் கடினமானதைப் போடுவார். பாக்ஸுக்குள் லேசான உரசலுக்கே விழுந்து பெனால்டி கேட்பது இங்கிலாந்தில் அவர் பெயரைக் கெடுத்தது. நடுவர்கள் நம்பாமல் போனதால் உண்மையான பெனால்டிகளும் மறுக்கப்பட்டன. சாம்பியன்ஸ் லீகில் இன்னொரு ஓட்டை: 2015 செப்டம்பரில் ரோமில் போட்ட கோலுக்குப் பிறகு, பார்சிலோனாவில் இருந்த மீதிக் காலம் முழுவதும் எதிரணி மைதானத்தில் அவர் பெயரில் ஒரு கோல்கூட எழுதப்படவில்லை. 2019-க்குள் முழங்கால் தேய்ந்து, துரத்தும் வேகம் போயிருந்தது. முன்வரிசையிலேயே எதிரணியை நெருக்க வேண்டிய பெரிய ஆட்டங்களில் பார்சிலோனா அதற்கு விலை கொடுத்தது.

2013-14: முழுமையான சீசன், விட்டுப்போன ஐந்து ஆட்டங்கள்

33 லீக் ஆட்டங்களில் 31 கோல், 12 அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்குக் கொடுத்த கடைசிப் பந்து). ஒன்றுகூடப் பெனால்டி இல்லை, ஏனென்றால் அதை ஸ்டீவன் ஜெரார்டு அடித்தார். அந்தச் சீசனில் ஒரு சிவப்பு அட்டை கிடையாது, புதிதாக ஒரு தடை கிடையாது, ஒரு கடி கிடையாது. வெறி இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்பவர்களுக்கு இதுதான் பதில்: அவருடைய உச்சம் சுத்தமான சீசனில்தான் வந்தது. இங்கிலாந்து வீரர்கள் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, பத்திரிகையாளர்கள் விருது, ரொனால்டோவோடு பகிர்ந்த ஐரோப்பியத் தங்கக் காலணி எல்லாம் அதற்குக் கிடைத்தவை.

சரி, அந்த அணிக்குப் பட்டம் ஏன் கிடைக்கவில்லை? எல்லோரும் செல்சிக்கு எதிராக ஜெரார்டு வழுக்கி விழுந்ததையும், கிரிஸ்டல் பேலஸில் 3-0 முன்னிலை 3-3 ஆனதையும் சொல்வார்கள். ஆகஸ்டைத் திரும்பிப் பாருங்கள். 2013 ஏப்ரல் 21 அன்று செல்சியின் இவனோவிச்சைக் கடித்ததற்கு 10 ஆட்டத் தடை. நான்கு அந்தச் சீசனின் முடிவில் கழிந்தன. மீதி ஆறு அடுத்த சீசனின் தொடக்கத்தில், அவற்றில் ஐந்து லீக் ஆட்டங்கள். அந்த ஐந்தில் லிவர்பூல் ஸ்டோக், வில்லா, யுனைடெட் மூன்றையும் 1-0 என வென்றது, ஸ்வான்சீயோடு 2-2, சவுத்தாம்ப்டனிடம் சொந்த மைதானத்தில் 0-1 தோல்வி. ஐந்து ஆட்டத்தில் ஐந்தே கோல், ஐந்து புள்ளிகள் பறிபோயின. அவர் ஆடிய மீதி 33 ஆட்டங்களில் 96 கோல். இறுதியில் மான்செஸ்டர் சிட்டி 86 புள்ளி, லிவர்பூல் 84.

அவர் இருந்திருந்தால் அந்த ஐந்து புள்ளியும் வந்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்று வந்திருந்தாலே போதும். அந்தக் கடியின் உண்மையான விலை தடையோ அபராதமோ அல்ல. லிவர்பூல் ரசிகர்கள் அதன்பின் ஆறு ஆண்டுகள் காத்திருந்த லீக் பட்டம் அதற்குள் இருந்திருக்கலாம். ஜெரார்டை இன்னமும் கேலி செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எங்கே பிசகியது

மூன்று கடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. 2010 நவம்பரில் பிஎஸ்வியின் பக்கால்: ஆட்டம் 0-0. இவனோவிச்: லிவர்பூல் 1-2 பின்தங்கியிருந்தது, சற்றுமுன் சுவாரெஸே கையில் பந்து பட்டுச் செல்சிக்குப் பெனால்டி கொடுத்திருந்தார். 2014 ஜூன் 24, நடால் நகரில் இத்தாலியின் கியெல்லினி: 0-0, உருகுவே வென்றே ஆகவேண்டிய ஆட்டம், பத்துச் சொச்ச நிமிடமே பாக்கி. மூன்றிலும் அவருக்குக் கோல் வராத, நேரம் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம். இன்னொன்று: மூன்றையும் நடுவர் பார்க்கவில்லை, மூன்றிலும் மைதானத்தில் சிவப்பு அட்டை வரவில்லை. இவனோவிச்சைக் கடித்த அதே ஆட்டத்தில் கடைசி நொடியில் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே எப்போதும் சில நாள் இடைவெளி விழுந்தது. ஆட்டத்துக்குள்ளேயே விலை கொடுக்கும் பாடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

தண்டனைகளை அடுக்கினால் பக்காலுக்கு 7 ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டின் பேட்ரிஸ் எவ்ரா விவகாரத்தில் 8, இவனோவிச்சுக்கு 10. கியெல்லினிக்கு 9 சர்வதேச ஆட்டங்கள், அதோடு கால்பந்து சார்ந்த எதிலும் நான்கு மாதத் தடை, ஒரு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம். கடைசித் தடையின்போதுதான் பார்சிலோனா வாங்கியது. விளையாட்டு நடுவர் மன்றம் ஆகஸ்டில் பயிற்சிக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் மட்டும் அனுமதி கொடுத்தது. முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம் அக்டோபர் 25, மாட்ரிடில் ரியாலுக்கு எதிராக. அந்த ஒன்பது ஆட்டத் தடையால் உருகுவே 2015 கோபா அமெரிக்காவில் அவரில்லாமல் ஆடியது.

எவ்ரா விவகாரத்தைக் கடிகளோடு ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. கடி ஆத்திரத்தின் வேலை. 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில் எவ்ராவின் நிறத்தைச் சொல்லிப் பேசியது ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தியது. எங்கள் ஊர் வழக்கு அப்படித்தான் என்ற அவருடைய விளக்கத்தை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தனிக்குழு நூற்றுக்கும் மேற்பட்ட பக்க அறிக்கையில் ஏற்க மறுத்தது. லிவர்பூல் செய்ததும் வெட்கத்துக்குரியது: தீர்ப்பு வந்த மறுநாளே அணி முழுவதும் அவர் படம் போட்ட சட்டை அணிந்து இறங்கியது. 2012 பிப்ரவரியில் எவ்ராவின் கையைக் குலுக்காமல் கடந்து போனபோதுதான் கிளப் அவரைக் கண்டித்தது. வேலைக்கு வைத்தவர்கள் அந்த முதல் வாரத்திலேயே வாயைத் திறந்திருந்தால் பின்னால் வந்தவை எல்லாம் நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

கானா ஆட்டத்தில் எங்கள் தீர்ப்பு வேறு. 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், கூடுதல் நேரத்தின் கடைசி நொடி, 1-1. கோட்டின்மேல் நின்று ஒரு பந்தைக் காலால் தடுத்தார்; அடியியாவின் அடுத்த தலைமுட்டைக் கையால் தள்ளினார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார், உருகுவே பெனால்டி வரிசையில் 4-2 என வென்றது. விதி கேட்ட விலையை முழுதாகக் கொடுத்தார். அரையிறுதியில் ஆடவும் முடியவில்லை. விதி போதவில்லை என்றால் திருத்த வேண்டியது விதியை. ஆனால் உலகக் கோப்பை அரையிறுதியை எட்டும் முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமை கானாவின் கைக்கு எட்டிய தருணம் அது. கியான் தவறவிட்டதும் சுரங்க வாயிலில் சுவாரெஸ் குதித்ததை அந்த நாட்டு மக்கள் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. 2022 டிசம்பரில் கத்தாரில் உருகுவே கானாவை 2-0 என வென்றும் கோல் எண்ணிக்கையில் வெளியேறியது. சுவாரெஸ் பெஞ்சில் அமர்ந்து அழுதார்.

எந்த அமைப்பில் பலன் அதிகம்

பக்கத்தில் ஓட இன்னொருவர் வேண்டும். லிவர்பூலில் ஸ்டரிட்ஜ் (21 லீக் கோல்) இருந்தபோது சுவாரெஸ் ஓரத்துக்கு விலகி டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போக முடிந்தது. பார்சிலோனாவில் தொடக்கத்தில் அவரை வலது ஓரத்தில் நிறுத்தியது எடுபடவில்லை. மெஸ்ஸி வலதுபக்கம் போய், சுவாரெஸ் நடுவுக்கு வந்தபின்தான் எந்திரம் ஓடியது. 2014-15-இல் மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மர் மூவருமாக 122 கோல். ஜூன் 6, பெர்லினில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் யுவென்டஸுக்கு எதிரான இரண்டாவது கோல் சுவாரெஸுடையது: மெஸ்ஸியின் ஷாட்டை கோல்கீப்பர் பஃபோன் தட்ட, தெறித்த பந்துக்கு முதலில் வந்தவர் வழக்கம்போல அவர்தான்.

2015-16-இல் லீகில் மட்டும் 40 கோல், 16 அசிஸ்ட். மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாறி மாறிப் பிடித்துவைத்திருந்த கோல் பட்டத்தை அப்போது பறித்தவர் இவர்தான். ஏப்ரலில் டெபோர்டிவோவுக்கு எதிராக நான்கு கோல், அடுத்த ஆட்டத்தில் ஹிகோனுக்கு எதிராகவும் நான்கு.

வயது ஏறியபின்னும் நல்ல முதலீடாகவே இருந்தார். அட்லெடிகோவில் முதல் சீசனில் 21 லீக் கோலும் பட்டமும். 2022-இல் தாய்க்கிளப் நாசியோனலுக்குத் திரும்பிப் பட்டம். 2023-இல் முழங்கால் வலியோடு பிரேசிலின் க்ரேமியோவுக்கு 17 லீக் கோல். அணி இரண்டு புள்ளியில் பட்டத்தை இழந்தாலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அமெரிக்காவின் இன்டர் மயாமியில் 2024-இல் 20 லீக் கோல். 2024 செப்டம்பரில் உருகுவே சட்டையைக் கழற்றியபோது 143 ஆட்டங்களில் 69 கோல், நாட்டின் உச்ச எண்ணிக்கை. ஆனால் 2025 ஆகஸ்டில் லீக்ஸ் கோப்பை இறுதியில் 0-3 எனத் தோற்றதும் சியாட்டில் அணியின் ஊழியர்மேல் துப்பி மறுபடி தடை வாங்கினார். 38 வயதிலும் தோல்வியின் கடைசி நிமிடங்கள்தான் அவருடைய பலவீனம்.

எந்த ஆட்டங்களைப் பார்ப்பது

கோல் தொகுப்புகளில் அவருடைய பாதி வேலை வெட்டப்பட்டுவிடும். முழு ஆட்டமாகப் பாருங்கள். 2013 டிசம்பர் 4, லிவர்பூல் 5-1 நார்விச்: நான்கு கோல், நான்கும் வெவ்வேறு வகை, ஐந்தாவது ஸ்டெர்லிங்குக்கு அவர் கொடுத்தது. 2014 ஜூன் 19, உருகுவே 2-1 இங்கிலாந்து: முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. ஓடவே சிரமப்படுகிறவர் எங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், இடம் தேர்வது என்றால் என்ன என்று புரியும். 2023 நவம்பர், பொட்டாஃபோகோ 3-4 க்ரேமியோ: லீக் முதலிடத்து அணி 3-1 முன்னணியில் இருக்க, 36 வயதில் அடுத்தடுத்து மூன்று கோல்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 2021 மே 22, வல்லாடோலிட் 1-2 அட்லெடிகோ. லீகின் கடைசி நாள், வென்றால் பட்டம், முதல் பாதியில் பின்தங்கல். 67-வது நிமிடம் எதிரணி கவனமில்லாமல் தட்டிய பந்தை நடுக்கோட்டுக்கு அருகில் எடுத்து, தேய்ந்த முழங்காலோடு தனியாக ஓடி, இடது காலால் முடித்தார். பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.